இணைய வெகுமதித் திட்டம்

இணைய வெகுமதித் திட்டம் என்பது இணையத்தில் தேடுதல், விளம்பரம் பார்த்தல், கருத்துக்கணிப்பில் பங்கேற்றல், பொருள் வாங்குதல், கட்டணம் செலுத்துதல் போன்ற அன்றாடச் செயல்களுக்காகப் பயனர்களுக்குப் பணம், புள்ளிகள், பரிசு அட்டை, கைபேசிப் பேச்சுநேரம் ஆகியவற்றுள் ஒன்றை வழங்கும் வணிக முறை ஆகும். பேச்சு வழக்கில் இது ரிவார்டு, பாயிண்ட், கேஷ்பேக் எனப் பலவாறாக அழைக்கப்படுகிறது. 1990களின் இறுதியில் ஐக்கிய அமெரிக்காவில் பரவலான இம்முறை, இந்தியாவில் முதலில் குறுஞ்செய்தி வழியாகவும் பின்னர்த் திறன்பேசிச் செயலிகள் வழியாகவும் பரவியது. இதே தோற்றத்தில் உறுப்பினரிடம் கட்டணம் பெற்று நடத்தப்பட்ட பணச்சுழற்சித் திட்டங்களில் இலட்சக்கணக்கானோர் பணம் இழந்துள்ளனர். ஆகவே இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிதல் முதன்மையானது.

செயற்படும் முறை

உண்மையான வெகுமதித் திட்டத்தில் பணம் பயனருக்கு வெளியிலிருந்து வருகிறது. விளம்பரதாரர், ஆய்வு நிறுவனம் அல்லது விற்பனையாளர் திட்டத்தை நடத்தும் நிறுவனத்துக்குப் பணம் செலுத்துகிறார். அந்நிறுவனம் அதில் ஒரு பகுதியைத் தான் வைத்துக்கொண்டு எஞ்சியதைப் பயனருக்கு வழங்குகிறது. ஒருவர் ஒரு விளம்பரத்தைப் பார்ப்பதால் விளம்பரதாரருக்குக் கிட்டும் பயன் மிகச் சிறியது. எனவே பயனருக்குக் கிடைக்கும் தொகையும் பெரும்பாலும் பைசாக் கணக்கிலேயே அமைகிறது.

புள்ளிகள் குறிப்பிட்ட அளவை எட்டிய பின்னரே அவற்றைப் பணமாகவோ பரிசு அட்டையாகவோ மாற்ற இயலும் என்பது பல திட்டங்களின் விதி. பயனர் வெகுமதிக்கு ஈடாகத் தம் நேரத்தை மட்டுமன்றி, தம் தேடல்கள், விருப்பங்கள், வாங்கும் பழக்கம் ஆகியவை பற்றிய தரவுகளையும் அளிக்கிறார்.

வரலாறு

1996 இல் தொடங்கிய மைபாயின்ட்சு இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்று. 1999 மார்ச்சில் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்ட ஆல்அட்வான்டேச் நிறுவனம், கணினித் திரையில் ஒரு விளம்பரப் பட்டையை நிறுவிக்கொண்டு இணையத்தில் உலாவுவோருக்கு மணிக்கு 50 அமெரிக்க சதம் வழங்கியது. இதற்கு மாத உச்சவரம்பு இருந்தது. நண்பர்களைச் சேர்த்தோருக்கு அவர்கள் உலாவும் நேரத்துக்கும் ஒரு பங்கு கிடைத்தது. கணினி முன் அமராமலே நேரத்தைக் கூட்டுவதற்காகச் சுட்டியைத் தானாக நகர்த்தும் நிரல்களைச் சிலர் பயன்படுத்தினர். டாட்காம் வீழ்ச்சியின்போது விளம்பர வருவாய் சுருங்கவே, 2001 பெப்ரவரியில் இத்திட்டம் மூடப்பட்டது. இணைய நாணயம் போன்ற புள்ளிகளை வழங்கிய பீன்சு, புளூசு ஆகிய நிறுவனங்களும் அதே ஆண்டு ஆகத்தில் மூடப்பட்டன.

பெருநிறுவனங்கள் பின்னர் இம்முறையைக் கையாண்டன. மைக்ரோசாப்ட் 2010 இல் தன் தேடுபொறிக்காகப் பிங் ரிவார்ட்சைத் தொடங்கியது. 2016 இல் இது மைக்ரோசாப்ட் ரிவார்ட்சு எனப் பெயர் மாறியது. 2013 இல் தொடங்கிய கூகுள் ஒப்பீனியன் ரிவார்ட்சு, சிறு கருத்துக்கணிப்புகளுக்கு விடையளிப்போருக்குக் கூகுள் பிளே வரவு வழங்கியது. பிரேவ் உலாவி, விளம்பரம் பார்க்க உடன்படும் பயனர்களுக்கு மறையீட்டு நாணய வகையொன்றில் பங்கு அளிக்கும் முறையை 2019 இல் நடைமுறைப்படுத்தியது.

இந்தியாவில்

2000களின் பிற்பகுதியில் பெங்களூரைச் சேர்ந்த எம்ஜிஞ்சர், கைபேசியில் பெறும் ஒவ்வொரு விளம்பரக் குறுஞ்செய்திக்கும் 20 பைசா வழங்கியது. 2010களில் எம்சென்ட் என்ற செயலி, பிற செயலிகளை நிறுவுவோருக்குப் பேச்சுநேரம் அளித்தது. 2017 செப்டம்பரில் கூகுள் நிறுவனம் தொடங்கிய தேஸ் என்னும் கட்டணச் செயலி (2018 முதல் கூகுள் பே), பணம் அனுப்புவோருக்குக் கீறல் அட்டைகளை வழங்கிப் புகழ்பெற்றது.

கீறல் அட்டையில் கிடைக்கும் தொகை வாய்ப்பைப் பொறுத்தது. ஆகவே தமிழ்நாடு பரிசுத் திட்டங்கள் (தடை) சட்டம், 1979 என்பதைக் குறிப்பிட்டு, தமிழ்நாட்டில் உள்ள பயனர்கள் இவ்வட்டைகளுக்குத் தகுதியற்றவர்கள் என அதன் விதிமுறைகள் கூறின. பிற மாநிலத்தவர் பெற்ற பரிசு தமிழ்நாட்டவருக்குக் கிட்டாமைக்கு இதுவே காரணம்.

கட்டணம் பெற்ற திட்டங்கள்

2010 அளவில் இந்தியாவில் பரவிய இசுபீக் ஏசியா ஆன்லைன், இணையக் கருத்துக்கணிப்புகளை நிரப்புவோருக்குப் பணம் தருவதாகக் கூறியது. உறுப்பினர் ஆண்டுக்கு ரூ.11,000 செலுத்த வேண்டும், வாரந்தோறும் ரூ.1,000 வீதம் ஆண்டுக்கு ரூ.52,000 பெறலாம் என்பது திட்டம். 2011 இல் ஊடகங்கள் கேள்வி எழுப்பியபோது, அதன் வாடிக்கையாளர் எனக் கூறப்பட்ட சில நிறுவனங்கள் அதை மறுத்தன. அவ்வாண்டே மும்பைக் காவல்துறையின் பொருளாதாரக் குற்றப் பிரிவு விசாரணையில் இறங்கியது.

நொய்டாவிலிருந்து நடத்தப்பட்ட சோசியல் டிரேடு, கட்டணம் செலுத்திச் சேர்ந்தோருக்கு ஓர் இணைப்பைச் சொடுக்கினால் ரூ.5 வழங்குவதாக அறிவித்தது. 2017 பெப்ரவரியில் உத்தரப் பிரதேசக் காவல்துறையின் சிறப்புப் படை அதன் நிறுவனரைக் கைது செய்தது. ஏறத்தாழ ரூ.3,700 கோடி திரட்டப்பட்டதாகக் காவல்துறை தெரிவித்தது.

தமிழ்நாட்டில் கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட மைவி3 ஆட்ஸ், கைபேசியில் விளம்பரம் பார்ப்போருக்குப் பணம் வழங்கியது. செலுத்தும் தொகைக்கேற்ப நாள் வருமானம் உயரும் வகையில் பல உறுப்பினர் நிலைகள் இருந்தன. 2024 சனவரியில் அந்நிறுவனத்தின் மீது கோயம்புத்தூரில் காவல்துறை வழக்குப் பதிந்தது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. சனவரி 29 அன்று நீலாம்பூர் அருகே ஆயிரக்கணக்கான உறுப்பினர்கள் நிறுவனத்துக்கு ஆதரவாகத் திரண்டனர். இத்தகைய திட்டங்களில் பணம் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும் வரை உறுப்பினர் எவரும் தம்மைப் பாதிக்கப்பட்டவராகக் கருதுவதில்லை. முறைப்பாடு எழுவது தாமதமாவதற்கு இது ஒரு காரணம்.

கணக்கு

இசுபீக் ஏசியா அறிவித்த தொகைகளைக் கொண்டு இத்தகைய திட்டத்தின் இயல்பை விளக்கலாம். ஓர் உறுப்பினர் செலுத்துவது ரூ.11,000, பெறவேண்டியது ரூ.52,000. எஞ்சும் பற்றாக்குறை ரூ.41,000. வெளியிலிருந்து வருவாய் இல்லையெனில், இதை ஈடுசெய்ய ஏறத்தாழ நான்கு புதிய உறுப்பினர்களின் கட்டணம் தேவை. அந்நால்வருக்கும் பணம் தரப் பதினாறு பேர் தேவை. இவ்வாறு பெருகினால் எட்டாம் நிலையில் 65,536 பேர் தேவைப்படுவர். இது திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் உள்ள மணப்பாறை நகரின் 2011 ஆம் ஆண்டு மக்கள்தொகையை (ஏறத்தாழ 40,000) விட மிகுதி. பதினான்காம் நிலையில் 26 கோடிக்கு மேற்பட்டோர் தேவை. தமிழ்நாட்டின் 2011 மக்கள்தொகையோ 7.21 கோடி. எனவே நடத்துவோரின் எண்ணம் எதுவாயினும் இத்தகைய திட்டம் ஒரு கட்டத்தில் நின்றே தீரும். கடைசியாகச் சேர்ந்தவர்களே மிகுதியாக இழப்பர். பெரும்பாலும் அவர்கள் முன்னர்ச் சேர்ந்தவர்களின் உறவினரும் அண்டை வீட்டாரும் ஆவர்.

சட்ட நிலை

- பரிசுச் சீட்டுகள் மற்றும் பணச்சுழற்சித் திட்டங்கள் (தடை) சட்டம், 1978: உறுப்பினர் சேர்க்கையைச் சார்ந்து எளிதில் பணம் தருவதாகக் கூறும் திட்டங்களைத் தடை செய்கிறது.
- தமிழ்நாடு வைப்பீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம், 1997: வைப்பீட்டைத் திருப்பித் தராத நிதி நிறுவனங்களின் சொத்துகளை முடக்க வழிசெய்கிறது.
- ஒழுங்குபடுத்தப்படாத வைப்பீட்டுத் திட்டங்கள் தடைச் சட்டம், 2019.
- நுகர்வோர் பாதுகாப்பு (நேரடி விற்பனை) விதிகள், 2021: நேரடி விற்பனை என்ற பெயரில் பிரமிடு திட்டம் நடத்துவதைத் தடுக்கிறது.

2023 திசம்பரில், முதலீட்டு மோசடியிலும் பகுதிநேர வேலை மோசடியிலும் ஈடுபட்ட 100க்கும் மேற்பட்ட இணையத்தளங்களை இந்திய அரசு முடக்கியது. காணொளிக்கு விருப்பம் தெரிவித்தால் பணம் என வாட்சப், டெலிகிராம் வழியே அழைத்து, முதலில் சிறு தொகை தந்து நம்பவைத்து, பின்னர்ப் பெருந்தொகை செலுத்தச் சொல்வது இம்மோசடியின் வழக்கமான முறை. பணம் இழந்தோர் 1930 என்ற தொலைபேசி எண்ணில் உடனே முறையிடலாம்.

வேறுபடுத்தி அறிதல்

- சேர்வதற்கோ, உயர்நிலை அடைவதற்கோ, ஈட்டிய பணத்தை எடுப்பதற்கோ உண்மையான வெகுமதித் திட்டம் கட்டணம் கேட்பதில்லை.
- பணம் தருபவர் யார் என்பது தெளிவாகத் தெரியவேண்டும். விளம்பரதாரரின் பெயர் இல்லாத விளம்பரத் திட்டம் ஐயத்துக்குரியது.
- செய்யும் வேலையைவிட ஆள் சேர்ப்பதற்கு மிகுதியான பணம் கிடைத்தால் அது பணச்சுழற்சியின் அடையாளம்.
- சிறு தொகை முறையாகக் கிடைப்பது திட்டம் நிலைக்கும் என்பதற்குச் சான்றாகாது.

இவற்றையும் பார்க்க

- இணைய விளம்பரம்
- பிரமிடு திட்டம்
- பொன்சித் திட்டம்
- டாட்காம் குமிழி