நீராவியும் தேய்ப்புப் பெட்டியும்



சேலம் மாநகரின் பழைய பகுதிகளுள் ஒன்று செவ்வாய்ப்பேட்டை. செவ்வாய்க்கிழமைதோறும் கூடிய சந்தையால் அப்பெயர் அமைந்தது என்பர். தானிய மண்டிகளும், வெள்ளிக் கொலுசு செய்யும் பட்டறைகளும் அங்கே நெருங்கி நிற்கின்றன. சேலத்து வெண்பட்டு வேட்டியின் புகழை நீங்கள் அறிவீர்கள். நெய்தவர் திறமையைப் பாராட்டுகிறோம். உடுத்தியவர் தோற்றத்தையும் பாராட்டுகிறோம். இவ்விருவருக்கும் இடையே நின்று, துணியின் சுருக்கத்தை நீக்கி, மடிப்பை நிறுத்தித் தருபவரைப் பற்றி நாம் அதிகம் எண்ணுவதில்லை. அவர் கையிலுள்ள கருவிக்கும் ஒரு வரலாறு உண்டு. அதனை இன்று காண்போம்.

முதலில் ஒரு கேள்வி. துணி ஏன் சுருங்குகிறது? தேய்த்தால் அச்சுருக்கம் ஏன் நீங்குகிறது?

பருத்தி நூலின் உடல் செல்லுலோஸ் என்னும் பொருளால் ஆனது. அது நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளின் தொகுதி. அச்சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைத்து நிறுத்துவன ஹைட்ரஜன் பிணைப்புகள். துணி நனையும்போது நீர் இடையே புகுந்து அப்பிணைப்புகளைத் தளர்த்துகிறது. கசங்கிய நிலையிலேயே துணி உலர்ந்தால், கசங்கிய நிலையிலேயே பிணைப்புகள் மீண்டும் இறுகிவிடுகின்றன. அதுவே சுருக்கம். ஆகவே அதை நீக்க மூன்று வேண்டும்: பிணைப்பைத் தளர்த்த ஈரமும் வெப்பமும், இழையை நேராக்க அழுத்தம், நேரான நிலையில் நிறுத்த உலர்ச்சி. ஆடை தேய்க்கும் கருவிகளின் வரலாறு முழுவதும் இம்மூன்றையும் எப்படித் தருவது என்பதற்கு மனிதர் கண்ட விடைகளின் வரிசையே ஆகும்.

பழந்தமிழர் துணிக்குப் பசையூட்டும் வழக்கம் உடையவர்கள். துணி வெளுக்கும் பெண் ஆடையைப் பசையில் தோய்த்தெடுத்துக் குளத்து நீரில் இடும் காட்சி குறுந்தொகையிலே வருகிறது. சீனத்தில் நீண்ட கைப்பிடி பொருத்திய உலோகச் சட்டியில் கரிநெருப்பை இட்டு, விரித்துப் பிடித்த பட்டின்மேல் நகர்த்தினார்கள். பட்டைப் பதப்படுத்தும் அரண்மனைப் பெண்களைத் தாங் காலத்து ஓவியர் சாங் சுவான் வரைந்தார். 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அதன் நகல், பேரரசர் ஹூய்சோங்கின் பெயரோடு, இன்று பாஸ்டன் நகர நுண்கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. ஒருத்தி கரியடுப்பை விசிறுகிறாள், சிலர் துணியை இழுத்துப் பிடிக்கின்றனர், ஒருத்தி தேய்க்கிறாள். துணியின் கீழே ஒரு சிறுமி விளையாடுகிறாள்.

நம் நாட்டில் வழங்கும் 'இஸ்திரி' என்ற சொல் 'நீட்டு, இழு' என்று பொருள்படும் போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது என்று அறிஞர் கூறுவர். கரி போடும் பெட்டி, தட்டையான அடி, மரக் கைப்பிடி, காற்றுப் புகப் பக்கத்துளைகள் ஆகிய உறுப்புகளோடு அது நம் தெருக்களில் நிலைத்தது. பெட்டி இல்லாத வீடுகளில் பித்தளைச் செம்பில் நெருப்புத் துண்டுகளை இட்டுத் தேய்த்ததும் உண்டு. அப்படித் தேய்த்த சட்டையோடு நானும் பள்ளிக்குச் சென்றிருக்கிறேன்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கரிப்பெட்டியால் தேய்ப்பவர் அருகில் ஒரு சிறு பாத்திரத்தில் நீர் இருக்கும். அதில் விரலை நனைத்துத் துணிமேல் தெளிப்பார். உடனே சூடான பெட்டியை நகர்த்துவார். 'சுர்' என்ற ஓசை எழும். அந்த ஓசைதான் நீராவி பிறக்கும் ஓசை! நீராவிப் பெட்டி என்ற பெயரைக் கேட்பதற்கு நெடுங்காலம் முன்பே, நம் தெருமுனைத் தொழிலாளி நீராவியால்தான் ஆடையைத் தேய்த்து வந்தார். பின்வந்த பொறியாளர் செய்ததெல்லாம் அவர் விரல்நுனியின் வேலையை ஒரு கருவிக்குள் அடக்கியதே ஆகும்.

அவ்வாறு அடக்குவது எளிதன்று. ஒரு கிராம் நீரை 30 பாகையிலிருந்து 100 பாகை செண்டிகிரேடுக்குக் கொண்டுவர 70 கலோரி போதும். ஆனால் கொதிநிலையில் உள்ள அதே நீரை ஆவியாக்க மேலும் சுமார் 540 கலோரி வேண்டும். அந்த ஆவி துணியில் பட்டுக் குளிரும்போது அவ்வளவு வெப்பத்தையும் திரும்பத் தந்துவிடுகிறது. ஈரமும் வெப்பமும் ஒருங்கே இழையின் உள்ளே செல்கின்றன. ஆவியின் பெருமை இதுவே. அதன் அபாயமும் இதிலேதான் உள்ளது. கைமேல் பட்ட ஆவி கொதிநீரைவிடக் கொடுமையாகச் சுடுவது இக்காரணத்தால்தான்.

மூடிய கலத்தில் நீரைக் கொதிக்க வைத்தால் அழுத்தம் ஏறும். அதனுடன் வெப்பநிலையும் ஏறும். வீட்டுக் குக்கரில் சதுர செண்டிமீட்டருக்கு 1 கிலோகிராம் அளவு கூடுதல் அழுத்தம் ஏறும்போது நீர் சுமார் 120 பாகையில் கொதிக்கிறது. அவ்வழுத்தம் 4 கிலோகிராமானால் வெப்பநிலை சுமார் 150 பாகை ஆகும். இக்குக்கருக்கு முன்னோடியைப் பிரெஞ்சு நாட்டு அறிஞர் தெனி பப்பென் 1679இல் இலண்டனில் செய்துகாட்டினார். அழுத்தம் மிகுந்தால் தானே திறந்து ஆவியை வெளியேற்றும் காப்பு வால்வும் அவர் தந்ததே. அந்தச் சிறு உறுப்பு இல்லாவிடில், நீராவிக் கருவி எதுவும் மனிதர் அருகில் நிற்கத் தகுதியுடையதாகாது.

இந்த உண்மையை நம் நாடு துன்பப்பட்டே கற்றது. 1863இல் கல்கத்தாவில் ஒரு கொதிகலன் வெடித்தது. அதன் விளைவாக 1864இல் வங்காளத்தில் கொதிகலன்களைச் சோதிப்பதற்குச் சட்டம் இயற்றினர். நாடு முழுமைக்குமான இந்தியக் கொதிகலன் சட்டம் 1923இல் வந்தது. ஐந்து காலன், அதாவது சுமார் 22.75 லிட்டருக்கு மேற்பட்ட நீராவிக் கலங்களை அது கட்டுப்படுத்தியது. 2007ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அவ்வெல்லை 25 லிட்டர் ஆயிற்று. 2025இல் அச்சட்டத்திற்குப் பதிலாகப் புதிய சட்டம் வந்துள்ளது. சிறிய சலவைக்கடைக்கு நீராவிக் கருவி வடிவமைப்பவர், அழகையும் விலையையும் எண்ணுமுன் கலத்தின் கொள்ளளவையும் அழுத்தத்தையும் எண்ணவேண்டியவராகிறார்.

இனி மேலைநாட்டு வரலாற்றைச் சற்றே காண்போம். 1871இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த மேரி புளோரன்ஸ் பாட்ஸ் என்னும் பெண்மணி, கழற்றி மாட்டக்கூடிய மரக் கைப்பிடியுடன் இரும்புத் தேய்ப்பானை அமைத்து உரிமை பெற்றார். அடுப்பில் இரும்பு மட்டும் காயும். கைப்பிடி குளிர்ந்தே இருக்கும். கைசுடும் துன்பத்தை அறிந்தவர் கண்ட தீர்வு அது. 1882இல் நியூயார்க் நகரின் ஹென்றி சீலி மின்சாரத் தேய்ப்புப் பெட்டிக்கு உரிமை பெற்றார். ஆனால் பெட்டி இருந்தும் பயனென்ன? பல ஊர்களில் பகற்பொழுதில் மின்சாரமே இல்லை. விளக்கெரிக்க இரவில் மட்டுமே அது கிடைத்தது.

கலிபோர்னியாவில் ஆன்டாரியோ என்ற ஊரில் மின்நிறுவனத்தில் பணிபுரிந்த ஏர்ல் ரிச்சர்ட்சன் இதற்கு ஒரு வழி கண்டார். அந்நாட்டு இல்லங்களில் திங்கட்கிழமை துவைப்பதும் செவ்வாய்க்கிழமை தேய்ப்பதும் வழக்கம். ஆகவே செவ்வாய்தோறும் பகலிலும் மின்சாரம் உற்பத்தி செய்யும்படி நிறுவனத்தாரை இணங்கச் செய்தார்! சந்தை கூடிய செவ்வாயால் நம் பேட்டை பெயர் பெற்றது. தேய்ப்பு நடந்த செவ்வாயால் அவ்வூர் பகல் மின்சாரம் பெற்றது. 1905இல் அவருடைய பெட்டி 'ஹாட்பாயின்ட்' என்ற பெயருடன் விற்பனைக்கு வந்தது. கருவி மட்டும் போதாது, அதற்கு உணவளிக்கும் ஏற்பாடும் வேண்டும் என்பதே இதிலுள்ள பாடம். நம் பகுதியில் மேட்டூர் அணை 1934இல் முடிந்து, 1937இல் அங்கே நீர்மின் உற்பத்தி தொடங்கியது.

அதே காலத்தில், சிராக்யூஸ் நகரத் தையற்காரர் ஏடன் ஹாஃப்மன் நீராவி அழுத்து எந்திரத்தை உருவாக்கினார். கீழே மெத்தை போர்த்திய ஒரு மேடை, மேலே அதற்கேற்ற ஒரு மூடி, இரண்டிலும் நுண்துளைகள். ஆடையை மேடைமேல் விரித்து, மூடியை இறக்கி, மிதியை அழுத்தினால் துளைகள் வழியே ஆவி பாய்ந்து துணியை ஊடுருவும். சில நொடிகளில் ஆவியை நிறுத்தி, ஈரத்தை உறிஞ்சி எடுத்தால் துணி குளிர்ந்து மடிப்பு நிலைக்கும். ஈரம், அழுத்தம், உலர்ச்சி என்று நாம் தொடக்கத்தில் எண்ணிய மூன்றும் இவ்வெந்திரத்தில் முறையாக அமைந்திருப்பதைப் பாருங்கள். இன்றைய திருப்பூர் ஆடைத் தொழிற்கூடங்களில் காணும் ஆவி மேசைகளும் இதே தத்துவத்தைப் பின்பற்றுவனவே. கையில் பிடிக்கும் நீராவிப் பெட்டி 1926இல் நியூயார்க்கில் எல்டெக் என்னும் நிறுவனத்தாரால் விற்பனைக்கு வந்தது. வீடுகளில் அது பரவப் பல ஆண்டுகள் ஆயின.

சேலத்து நிலைக்கு ஏற்ற கருவியை வடிவமைக்க விரும்புவோர் மேலும் இரண்டு இடர்களை எண்ணவேண்டும். ஒன்று, பட்டு. ஆவியோடு நீர்த்துளியும் கலந்து வந்தால் வெண்பட்டின்மேல் கறை விழும். எனவே ஆவிக்குழாயைச் சரிவாக அமைத்து, குளிர்ந்து நீரானதை இடையிலேயே பிரித்துவிட வேண்டும். மற்றொன்று, நீர். நம் பகுதியில் பல ஆழ்துளைக் கிணறுகளின் நீர் கடின நீர். அது கொதிக்கும்போது உப்புகள் படிந்து நுண்துளைகளை அடைத்துவிடும். வெளிநாட்டுக் கருவியை அப்படியே இறக்கி வைத்தால் சில மாதங்களில் அது ஊமையாகிவிடுவது இதனால்தான்.

இப்பொழுது என் தவறு ஒன்றைச் சொல்லவேண்டும். நான் தலைமையாசிரியராக இருந்த காலத்தில், காலை வழிபாட்டில் கசங்கிய சட்டையோடு நின்ற ஒரு மாணவனை வரிசையிலிருந்து வெளியே நிறுத்தினேன். அவன் ஒன்றும் பேசவில்லை. அவன் தாய் ஒரு தெரு முழுவதற்கும் துணி தேய்ப்பவர் என்பதையும், முதல்நாள் மழையில் கரி நனைந்துவிட்டதால் ஊராரின் துணிகளை முடிக்கவே விடிந்துவிட்டது என்பதையும் பிறகு வேறொருவர் மூலம் அறிந்தேன். அன்று மாலை அந்த அம்மையாரைச் சென்று கண்டேன். அவர் வலக்கை மணிக்கட்டு வீங்கியிருந்தது. பல கிலோ எடையுள்ள பெட்டியை நாள் முழுதும் தூக்கி நகர்த்திய கை அது. நான் மடிப்பை அளந்தேன், கையை அளக்கவில்லை.

கரிப்பெட்டி கையை மட்டும் வருத்துவதில்லை. எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு எழுகிறது. கரிக்காக மரங்கள் வீழ்கின்றன. தமிழ்நாட்டரசு சலவைத் தொழிலாளர்க்குத் தேய்ப்புப் பெட்டிகளை இலவசமாக வழங்கியிருக்கிறது. எரிவாயுப் பெட்டிகளும் அண்மைக் காலத்தில் வழக்கிற்கு வந்துள்ளன. ஆயினும் கரி இன்னும் முற்றிலும் விடைபெறவில்லை.

இக்குறையை உங்கள் வயதினர் ஒருவரே கண்டார். திருவண்ணாமலையைச் சேர்ந்த வினிஷா உமாசங்கர், பன்னிரண்டு வயதில் பள்ளியிலிருந்து வீடு திரும்பும் வழியில், தேய்ப்பு வண்டிக்காரர் எரிந்த கரியைத் தெருவோரம் கொட்டுவதைப் பார்த்தார். நாம் அனைவரும் பார்த்ததுதான். அவர் அதோடு நிற்கவில்லை. சூரிய ஒளியால் நீராவிப் பெட்டியை இயக்கும் வண்டி ஒன்றை வடிவமைத்தார். ஐந்து மணி நேர நல்ல வெயிலில் மின்கலம் நிறைந்தால் ஆறு மணி நேரம் தேய்க்கலாம் என்பது அவ்வமைப்பின் குறிக்கோள். 2019இல் அப்துல் கலாம் பெயரால் வழங்கும் இக்னைட் விருதும், 2020இல் சுவீடன் நாட்டின் சிறுவர் பருவநிலைப் பரிசும் அவரை வந்தடைந்தன. 2021 நவம்பரில் கிளாஸ்கோ நகரில் கூடிய உலகப் பருவநிலை மாநாட்டில் அவர் பேசினார்.

இத்துடன் வேலை முடிந்துவிட்டதா? கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் சூரியப் பலகை உச்சி வெயிலில் சுமார் 200 வாட் மின்சாரம் தரும். ஐந்து மணி நேரத்தில் அது ஒரு யூனிட். வண்டியின் கூரையில் இரண்டு சதுர மீட்டர் பலகை பொருத்தினால் இரண்டு யூனிட். 1,000 வாட் பெட்டி இடைவிடாது எரிந்தால் இரண்டு மணி நேரத்தில் அது தீர்ந்துவிடும். ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க மட்டுமே சுமார் 0.7 யூனிட் வேண்டும். இந்தப் பற்றாக்குறையை எவ்வாறு நிரப்புவது? அடித்தட்டின் வெப்பம் மேலே கசியாமல் எப்படித் தடுப்பது? வேண்டிய நொடியில் மட்டும் ஆவியை எப்படித் தருவது? பெட்டியின் எடையைக் குறைத்தும் அழுத்தம் குறையாமல் எப்படிக் காப்பது? விலை ஒரு தொழிலாளியின் வருவாய்க்குள் அடங்குமா? இவை உங்கள் இயற்பியல் நூலிலும் கணக்குப் புத்தகத்திலும் உள்ள பாடங்களே; விடைகள்தாம் நூலில் இல்லை.

மாணவர்களே! பாட்ஸ் அம்மையார் கைச்சூட்டை எண்ணினார். ஹாஃப்மன் தையற்கூடத்தில் நின்று பழகியவர். வினிஷா தெருவோரக் கரியை எண்ணினார். துணியை மட்டும் பார்த்தவரைக் காட்டிலும், துணியைத் தேய்க்கும் மனிதரையும் பார்த்தவரே நல்ல கருவியைத் தந்திருக்கிறார்கள். நாளைக் காலை தேய்த்த சீருடையை அணியும்போது, அதன் மடிப்பை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். பிறகு தெருமுனைக்குச் சென்று, அந்த மடிப்பை வைத்தவரிடம், "உங்கள் வேலையில் எது கடினம்?" என்று மரியாதையோடு கேளுங்கள். அவர் சொல்லும் விடையே உங்கள் வடிவமைப்பின் முதல் வரியாக இருக்கட்டும்.