கழன்ற தோளும் கிழிந்த நாரும்: ஒரு நீண்ட இழை

தோள்மூட்டு நழுவி வர்ற ஆளை கேஷுவாலிட்டி வாசல்லயே கண்டுபிடிச்சிடலாம். நல்ல கையால அடிபட்ட கையோட முழங்கையைத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டு, உடம்பை ஒரு பக்கமா சாய்ச்சு, "யாரும் கிட்ட வந்துடாதீங்க"ன்னு ஒரு பார்வையோட நடந்து வருவாங்க. தோளோட உருண்டை வடிவம் போயி, சட்டைத் தையல் விழுற இடத்துல ஒரு முனை துருத்திக்கிட்டு நிக்கும்.

நான் ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப இப்படி ஒரு தம்பி வந்தான். கபடி ஆடுறப்ப விழுந்திருக்கான். சீனியர் சொல்லிக் கொடுக்க, நானே மூட்டைத் திரும்ப ஏத்தினேன். 'டுக்'குன்னு ஒரு சத்தம், அடுத்த நொடி அவன் முகத்துல ஒரு சிரிப்பு. அவங்கம்மா கையெடுத்துக் கும்பிட்டாங்க. எனக்கு அன்னைக்கு காலே தரையில இல்ல. "சரியாயிடுச்சு தம்பி, போயிட்டு வா"ன்னு அனுப்பிட்டேன்.

அந்த "சரியாயிடுச்சு" எவ்வளவு பெரிய தப்புன்னு ரெண்டு மாசத்துல தெரிஞ்சுது. போலீஸ் செலக்‌ஷனுக்கு கயிறு ஏறிப் பழகும்போது மறுபடியும் கழண்டு வந்தான். அதுக்கப்புறம் தூக்கத்துல புரண்டு படுத்தாலே கழண்டுக்கும்னு ஆயிடுச்சு. காக்கிச் சட்டை கனவு அதோட போச்சு. ஸ்லிங்கை மூணாவது நாளே கழட்டிட்டானாம். "வலியே இல்லையே சார், அதான்."

இந்த "வலியே இல்லையே"வைப் பத்தி 2,400 வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தர் எழுதி வச்சிருக்கார்னு பின்னாடிதான் படிச்சேன். அந்தக் கதைதான் இந்த இழை. நீளமானது, டீ போட்டுட்டு வந்து உக்காருங்க.

முதல்ல கொஞ்சம் அனாடமி. இடுப்பு மூட்டுல தொடை எலும்போட பந்து ஒரு ஆழமான கிண்ணத்துக்குள்ள உக்காந்திருக்கும். தோள்ல அந்தக் கிண்ணம் கிடையாது. தோள்பட்டை எலும்புல இருக்குற கிளினாய்டு குழி ஒரு சாஸர் மாதிரி. அது மேல வச்ச எலுமிச்சம்பழம்தான் கை எலும்போட தலை. எந்த நிலையில வச்சாலும் அந்தப் பந்துல கால்வாசியோ கொஞ்சம் கூடவோதான் குழியைத் தொட்டுக்கிட்டு இருக்கும். கையை மேல தூக்கி, பின்னாடி வளைச்சு, முதுகு சொறியிற வரைக்கும் நம்மால முடியறதுக்கு இந்த ஆழமில்லாத குழிதான் காரணம். சுலபமா கழண்டு போறதுக்கும் அதுவேதான் காரணம்.

அப்ப பழம் உருண்டு விழாம பிடிச்சு வச்சிருக்கறது எது? குழியோட விளிம்பைச் சுத்தி லேப்ரம்னு ஒரு நார்க்குருத்து வளையம், சாஸருக்கு ரப்பர் விளிம்பு கட்டின மாதிரி. அந்த வளையத்துல இருந்து கை எலும்புக்குப் போற லிகமென்ட்டுகள். இதுக்கு வெளியில தசைகள். லிகமென்ட்டுகள்ல முக்கியமானது கீழ்ப்பக்கம், அக்குளுக்கு மேல தூளி மாதிரி தொங்குற ஒண்ணு. பந்து எறியப் போற மாதிரி கையைத் தூக்கி வெளிப்பக்கமா திருப்பினா இந்தத் தூளி இறுகி, பந்தை முன்னாடி போகவிடாம தாங்கும். அந்த நிலையில பலமா ஒரு இழுப்பு இழுத்தா பிய்யறதும் இதுதான். தோள் நழுவுறதுல 100-க்கு 95-க்கு மேல முன்பக்கமாத்தான் நழுவும்.

இப்ப வரலாற்றுக்கு வருவோம். எகிப்துல, லக்ஸருக்கு எதிர்க்கரையில, டெய்ர் எல் மதீனான்னு ஒரு தொழிலாளர் குடியிருப்பு. அங்க இபுய்னு ஒரு சிற்பியோட கல்லறைச் சுவர்ல, சுமார் 3,200 வருஷத்துக்கு முன்னாடி வரைஞ்ச ஓவியம் இருக்கு. வேலை செய்யற இடத்துல நடக்குற விபத்துகளை அதுல வரைஞ்சிருக்காங்க. ஒருத்தன் கால்ல சுத்தியல் விழுது, இன்னொருத்தன் கண்ணுல விழுந்த தூசியை எடுக்குறாங்க. ஒரு ஓரத்துல ஒருத்தன் கீழ கிடக்க, பக்கத்துல இருக்குறவன் அவன் கையைப் பிடிச்சு மடக்கித் திருப்புறான். பார்த்த எலும்பு டாக்டர்கள்ல பலரும், இது தோள்மூட்டை ஏத்துற காட்சின்னுதான் சொல்றாங்க.

நம்ம நாட்டுல சுஸ்ருத சம்ஹிதை மூட்டு நழுவுறதை ஆறு வகையா பிரிக்குது. தோளுக்கு அது சொல்ற வழி, அக்குள்ல உலக்கையைக் கொடுத்துத் தூக்கி, எலும்பு இடத்துல உக்காந்ததும் கட்டுப் போடறது. ஆக, ஏத்தி வைக்கிற வித்தை பல ஊர்ல, பல காலமா கையில இருந்திருக்கு.

ஆனா என்னை நிமிர்ந்து உக்கார வச்சது ஹிப்போகிரடீஸ் பேர்ல இருக்குற, மூட்டுகளைப் பத்தின கிரேக்க நூல். கி.மு. 5, 4-ஆம் நூற்றாண்டுப் பக்கம் எழுதினது. நோயாளியை மல்லாக்கப் படுக்க வச்சு, அக்குள்ல தோல் பந்து ஒண்ணை வச்சு, டாக்டர் எதிர்ல உக்காந்து, குதிகாலை அங்க ஊன்றிக் கையை இழுக்கிற முறை அதுல இருக்கு. வலது தோளுக்கு வலது கால், இடதுக்கு இடது கால்னு வரைக்கும் சொல்லியிருக்கு. அடிக்கடி நழுவுறவங்க மத்த கை முஷ்டியை அக்குள்ல கொடுத்து தாங்களே ஏத்திக்குவாங்கன்னும் இருக்கு. அப்படி ஆளுங்க இன்னைக்கும் என் ஓபிக்கு வர்றாங்க!

மெலிஞ்ச ஆளுக்கு சுலபமா நழுவும்னு சொல்ல அந்த நூல் எடுத்துக்குற உதாரணம், பனிக்காலக் கடைசியில தீனியில்லாம இளைச்சுப்போன மாட்டுக்கு இடுப்பு மூட்டு கழண்டுக்கறது. மாட்டைப் பார்த்து மனுஷனைப் புரிஞ்சுக்கிட்ட ஆள். எழுதினவர் கட்டாயம் வயக்காட்டைப் பார்த்தவர்தான்.

விஷயத்துக்கு வர்றேன். மூட்டை ஏத்தினதும் சிலருக்கு வீக்கமோ வலியோ இருக்காது, அவங்க உடனே கையைப் பயன்படுத்த ஆரம்பிச்சிடுவாங்க, இனிமே கவனிப்பே தேவையில்லன்னு நினைச்சுக்குவாங்கன்னு அந்த நூல் சொல்லுது. ஆனா வீங்கி வலிச்சவங்களைவிட இவங்களுக்குத்தான் மறுபடியும் சுலபமா நழுவும், அதை முன்கூட்டியே சொல்ல வேண்டியது டாக்டர் வேலைங்குது. திரும்பத் திரும்ப நழுவி, நல்ல திறமை இருந்தும் விளையாட்டை விட்டவங்களையும், போர்ல ஆயுதம் பிடிக்க முடியாம செத்தவங்களையும் பத்திக்கூட எழுதியிருக்கு. படிச்சப்ப எனக்கு அந்தக் கயிறு ஏறின தம்பி முகம்தான் வந்துச்சு.

திரும்பத் திரும்ப நழுவுறதுக்கு அவங்க வச்சிருந்த வைத்தியம் சூடு. காய்ச்சின மெல்லிய இரும்புக் கம்பியால அக்குள் தோலைச் சுட்டு, தழும்பு இறுகட்டும்னு கையை உடம்போட சேர்த்து ரொம்ப நாள் கட்டி வைக்கிறது. கேக்கவே பதறுதுல்ல? ஆனா எங்க சுடணும்னு சொல்றதைக் கவனிங்க. மத்தவங்க மேலயும் முன்னாடியும் பின்னாடியும் சுடுறாங்க, அது தப்பு, பந்து தப்பிச்சு ஓடுற கீழ்ப்பக்கத்தைத்தான் இறுக்கணும்ங்கறார். அந்தத் தூளி லிகமென்ட்டைத் தனியாப் பிரிச்சுப் பார்க்காமலே, ஓட்டை எந்தப் பக்கம்னு கிட்டத்தட்ட சரியாச் சொல்லிட்டார்.

அதுக்கப்புறம் 2,000 வருஷத்துக்கு மேல, ஏன் திரும்ப நழுவுதுங்கற கேள்வியில பெரிய முன்னேற்றம் இல்ல. எனக்குத் தோணுற காரணம் இது. தோள் நழுவி யாரும் சாகறதில்ல, அதனால அப்படிப்பட்ட தோள் பிரேதப் பரிசோதனை மேசைக்கு வர்றது அபூர்வம். 1895-ல எக்ஸ்ரே வந்துச்சு, ஆனா அதுல எலும்புதான் தெரியும், லேப்ரமோ லிகமென்ட்டோ தெரியாது. ஏத்தி முடிச்ச தோளோட எக்ஸ்ரே பெரும்பாலும் நார்மலாத்தான் இருக்கும்.

நடுவுல 1870-ல ஸ்விட்சர்லாந்தோட பெர்ன் நகர்ல இருந்த தியோடோர் கோக்கர் ஏத்துற முறை ஒண்ணு எழுதினார். முழங்கையை மடக்கி, கையை வெளிப்பக்கமா திருப்பி, முன்னாடி தூக்கி, உள்பக்கமா திருப்பறது. தைராய்டு பத்தின வேலைக்காக 1909-ல நோபல் பரிசு வாங்கினாரே, அதே கோக்கர்தான். அவர் எழுதினதுல கையை இழுக்கச் சொல்லவே இல்ல. பின்னாடி வந்த புத்தகங்கள் இழுப்பையும் சேர்த்துடுச்சு, நானும் அப்படித்தான் படிச்சேன்.

கதவு திறந்தது ஆபரேஷன் தியேட்டர்ல. 1906-ல ஜெர்மன் சர்ஜன் கெயோர்க் பெர்தெஸ், குழியோட முன்விளிம்புல இருந்து லேப்ரமும் மூட்டுப்பையும் பிய்ஞ்சு நிக்கறதை எழுதி, எலும்புல துளை போட்டுத் திரும்பத் தைச்சார். அது பெருசா பரவல. 1923-ல லண்டன் சர்ஜன் பிளண்டெல் பாங்கார்ட் அதையே தனியா கண்டுபிடிச்சு எழுதினார். அவர் முதல்ல ஆபரேஷன் பண்ணினது தன்கிட்ட முன்னாடி ஹவுஸ் சர்ஜனா இருந்த ஒருத்தருக்கேன்னு சொல்வாங்க. அதுவரைக்கும் பல சர்ஜன்கள் தொளதொளன்னு இருக்குற மூட்டுப்பையைச் சுருக்கித் தைச்சாங்க, இல்ல தசையை இடம் மாத்தி வச்சாங்க. பாங்கார்ட் சொன்னது எளிமையா இருந்துச்சு: பை தொளதொளக்கறது பிரச்சினை இல்ல, அது விளிம்புல இருந்து பிய்ஞ்சிருக்கு, அங்கயே ஒட்ட வைங்க. பிய்ஞ்ச லேப்ரம் தானா எலும்போட சரியா ஒட்டிக்காதுன்னும் சொன்னார்.

எல்லாத்துக்கும் இது ஒண்ணுதான் காரணம்னு அவர் அடிச்சுப் பேசினது கொஞ்சம் ஓவர்தான். 1940-ல ஹில், சாக்ஸ்னு ரெண்டு அமெரிக்க ரேடியாலஜிஸ்ட்டுகள், நழுவின பந்து குழியோட விளிம்புல இடிச்சு, பந்தோட பின்பக்கத்துல பள்ளம் விழறதைக் காட்டினாங்க. ரெண்டு பக்கமும் எலும்பு தேய்ஞ்சு போனா லேப்ரத்தை மட்டும் தைச்சா பத்தாதுன்னு இப்ப தெரியும். ஆனா இன்னைக்கு கீஹோல்ல சின்ன ஆங்கர் வச்சுத் தைக்கறோமே, அதுவும் பாங்கார்ட் பேர்லதான் நடக்குது.

இப்ப நான் என்ன பண்றேன்? ஏத்தறதுக்கு முன்னாடியும் பின்னாடியும், மேல்கையோட வெளிப்பக்கத்துல, போலீஸ்காரங்க சட்டையில பேட்ஜ் குத்துற இடத்துல, தொட்டா உணர்ச்சி இருக்கான்னு பார்க்கறேன். ஆக்ஸிலரி நரம்பு அந்தப் பக்கம் போகுது. அதனாலதான் கிரவுண்டுலயே கையைப் பிடிச்சு இழுக்காதீங்கன்னு கெஞ்சறோம். ஸ்லிங் சுமார் மூணு வாரம், அப்புறம் பிசியோதெரபி. 40 வயசைத் தாண்டினவங்களுக்கு மூட்டு ஏறின பிறகும் கையைத் தூக்க முடியலன்னா தசைநாண் கிழிஞ்சிருக்கான்னு பார்க்கணும். 20 வயசுப் பசங்களுக்குத்தான் திரும்ப நழுவுற வாய்ப்பு ரொம்ப அதிகம். ரெண்டாவது தடவை வந்தா எம்ஆர்ஐக்கும் ஆர்த்தோவுக்கும் கட்டாயம் அனுப்பறேன்.

போன வாரம் ஒரு வாலிபால் ஆடுற தம்பி. மூட்டு ஏறினதும் அதே சிரிப்பு. ஓபி சீட்டுல பெருசா எழுதிக் கொடுத்தேன்: "மூட்டு ஏறிவிட்டது. உள்ளே நார் கிழிந்திருக்கலாம். வலி இல்லாவிட்டாலும் ஸ்லிங்கைக் கழற்றக் கூடாது." அவங்கப்பா வாங்கிப் படிச்சுட்டு, "அப்ப இன்னும் சரியாகலையா சார்?"னு கேட்டார்.

இல்லங்க, இன்னும் இல்லன்னேன்.