கிராவின்

உயிரணுவின் உட்புறத்தில் சமிக்ஞை நொதிகளை உரிய இடத்தில் கட்டிவைக்கும் நங்கூரப் புரதம். மனிதரில் 6ஆம் குரோமோசோமிலுள்ள ஏகேஏபி12 மரபணு இதைத் தருகிறது. வேர், ‘கனமான’, ‘கடுமையான’ எனப் பொருள்படும் ‘கிராவிஸ்’ என்னும் லத்தீன் சொல். மயஸ்தீனியா கிராவிஸ் என்னும் தசைத்தளர்ச்சி நோயாளிகள் சிலரின் குருதிநீரிலுள்ள எதிர்ப்பொருள்கள் இதைப் பற்றிக்கொண்டதால் 1990களில் இப்பெயர் அமைந்தது. ஆனால் அந்நோயின் முதன்மை இலக்கு அசிட்டைல்கோலின் ஏற்பியே. ஆகவே பெயரை வைத்துப் புரதத்தின் பணியை ஊகிப்பது தவறு. ‘நங்கூரம்’ என்ற அடைமொழியே பொருத்தமானது: அட்ரினலின் பீட்டா-2 ஏற்பியைத் தொட்டதும் சைக்ளிக் ஏஎம்பி என்னும் சமிக்ஞை மூலக்கூறு பெருகுகிறது, அதனால் கிராவின் பக்கத்திலேயே பிடித்துவைத்திருக்கும் புரதக் கைனேஸ் ஏ, அலைந்து திரியாமல் அங்கேயே விழித்துக்கொள்கிறது. புரதக் கைனேஸ் சி நொதியையும் இதுவே தாங்குகிறது.