சாமர்வில்லில் பிறந்த நடுக்குரல்

நியூ ஜெர்சித் தம்பி தங்கைகளே, பிரிட்ஜ்வாட்டர் வெங்கடேஸ்வரா கோயிலுக்குப் போகும்போது பக்கத்து ஊரான சாமர்வில்லைப் பார்த்திருப்பீர்கள். அங்கே 1945 ஜூன் 1 அன்று ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெயர் ஃபிரெடெரிகா வான் ஸ்டேட். குழந்தையைப் பார்க்க அப்பா இல்லை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க வீரராக இருந்த அவர், அதே ஆண்டு ஏப்ரலில் ஜெர்மனியில் இறந்துவிட்டார். ஐரோப்பாவில் போர் முடிய அப்போது சில வாரங்களே இருந்தன.

அந்தக் குழந்தை வளர்ந்து உலகப் புகழ் பெற்ற ஓப்பரா பாடகி ஆனார். அவருடைய குரல் வகைக்கு மெஸ்ஸோ-சொப்ரானோ என்று பெயர். மேற்கத்திய இசையில் பெண் குரல்களில் உயர்ந்தது சொப்ரானோ, தாழ்ந்தது கான்ட்ரால்டோ. இரண்டுக்கும் நடுவில் நிற்பது மெஸ்ஸோ. இத்தாலிய மொழியில் அந்தச் சொல்லுக்குப் 'பாதி' என்று பொருள்.

ஓப்பராவில் கதாநாயகி பெரும்பாலும் சொப்ரானோதான். நடுக்குரலுக்கு அம்மா, தோழி, சூனியக்காரி வேடங்கள் வரும். இன்னொன்றும் வரும்: பையன் வேடம்! மொசார்ட்டின் 'ஃபிகரோவின் திருமணம்' ஓப்பராவில் கெருபினோ என்ற விடலைப் பையன் வருகிறான். வளர்ந்த ஆணின் குரல் அவனுக்குப் பொருந்தாது. சிறுவனின் குரலோ மைக் இல்லாத பெரிய அரங்கில் இசைக்குழுவைத் தாண்டிக் கேட்காது. அதனால் பெண்ணே பாடுவார். நமக்கு இது புதிதா என்ன? நம் நாடகக் கம்பெனிகளில் ஆண்கள் ஸ்திரீபார்ட் போட்டார்கள். கே. பி. சுந்தராம்பாள் 1935-இல் வந்த 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்தார்.

நியூயார்க்கின் மேன்ஸ் இசைக் கல்லூரியில் படித்த ஃபிரெடெரிகா, 1970 ஜனவரியில் மெட்ரோபாலிட்டன் ஓப்பராவில் முதன்முதலாக மேடை ஏறினார். மொசார்ட்டின் 'மாயப் புல்லாங்குழல்' ஓப்பராவில் வரும் மூன்று சிறுவர்களில் ஒருவர் வேடம். 1973-இல் இங்கிலாந்தின் கிளைண்ட்போர்னில் கெருபினோவாகப் பாடினார். 1982 கிறிஸ்துமஸ் அன்று 'ஹான்சலும் கிரெட்டலும்' தொலைக்காட்சியில் வந்தபோது அவர்தான் அண்ணன் ஹான்சல். ரோசினி தன் சிண்ட்ரெல்லாவைத் தாழ்ந்த குரலுக்கென்றே எழுதியிருந்ததால், அதில் கதாநாயகியாகவும் புகழ் பெற்றார்.

ஆனால் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது 1998-இல் நடந்த ஒரு கச்சேரி. போர்முனையிலிருந்து அப்பா அம்மாவுக்கு எழுதிய கடிதங்கள் வீட்டில் இருந்தன. அவற்றை அடிப்படையாக வைத்து ரிச்சர்ட் டேனியல்பூர் 'எலெஜீஸ்' என்ற இசைப் படைப்பை உருவாக்கினார். அப்பாவின் பகுதியைத் தாமஸ் ஹாம்ப்சன் பாட, மகளின் பகுதியை ஃபிரெடெரிகாவே பாடினார். ஒரு முறைகூடப் பார்க்காத அப்பாவோடு, ஐம்பது வயதைத் தாண்டிய மகள் மேடையில் பேசினார்.

பல பாடகர்கள் ஓய்வை நினைக்கும் வயதில் அவர் புதிய ஓப்பராக்களைத் தேடிப் போனார். 2000-இல் சான் பிரான்சிஸ்கோ ஓப்பரா ஜேக் ஹெக்கியின் 'டெட் மேன் வாக்கிங்' ஓப்பராவை முதன்முதலாக அரங்கேற்றியது. அதில் மரண தண்டனைக் கைதியின் அம்மாவாகப் பாடினார். மகன் குற்றவாளி என்று ஊரே சொல்லும்போது, அவனுக்காகக் கெஞ்சும் ஏழைத் தாய். 2011-இல் ஹூஸ்டனிலும் அதே வேடம். 2014-இல் அதே ஹூஸ்டனில் 'எ காஃபின் இன் ஈஜிப்ட்' என்ற புதிய ஓப்பராவில் தொண்ணூறு வயதுக் கிழவியானார். இந்த ஈஜிப்ட், எகிப்து நாடு இல்லை, டெக்சாஸில் இருக்கும் ஒரு சின்ன ஊர்!

வீடில்லாதவர்கள் சேர்ந்து பாடும் 'டாலஸ் ஸ்ட்ரீட் கோயர்' என்ற குழு 2017-இல் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் பாடியது. அவர்களோடும் நின்று பாடினார்.

பாட்டு வகுப்பில் ஐந்து கட்டைச் சுருதியில் மேல் ஸ்தாயிக்கு எட்டாமல் திணறும் தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் குரல் குறைபட்டது இல்லை, அதன் இடம் வேறு, அவ்வளவுதான். சுருதியை ஒரு கட்டை இறக்கச் சொல்லி டீச்சரிடம் தயங்காமல் கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஃபிரெடெரிகாவின் ஹான்சலைத் தேடிக் கேளுங்கள். பாடுவது பையன் இல்லை என்று உங்கள் தம்பியால் கண்டுபிடிக்க முடிகிறதா, பார்க்கலாம்!