ஸ்பிங்க்ஸ்: அச்சுக்கு எழுதின மேனுவல் பிரவுசருக்கு வந்த கதை

என் முதல் வேலையில் கிடைத்த முதல் டாஸ்க்: ஒரு பைத்தான் ப்ராஜெக்டுக்கு டாக்குமெண்டேஷன் ரெடி பண்ணணும். கோடு எழுதின அண்ணா அடுத்த வெள்ளிக்கிழமையோட வேலையை விட்டுக் கிளம்புறார். ஸ்பிங்க்ஸை இன்ஸ்டால் பண்ணி, குவிக்ஸ்டார்ட் கமாண்டை ஓட்டி, அது கேட்ட நாலு கேள்விக்குப் பதில் சொன்னேன். ஆட்டோடாக்கையும் ஆன் பண்ணிவிட்டேன். மதியத்துக்குள்ள ஒரு முழு வெப்சைட்! திறந்து பார்த்தா ஃபங்ஷன் பெயர் இருக்கு, பாராமீட்டர் இருக்கு, வேற ஒண்ணுமே இல்லை. கோடுக்குள்ள யாரும் விளக்கம் எழுதி வைக்கலையே, அது எதை எடுத்துப் போடும்?

எரிச்சல்லதான் இந்த டூலோட வரலாற்றைத் தேடிப் படிச்சேன்.

1989 வாக்கில் பைத்தான் தொடங்கியதிலிருந்தே அதன் மேனுவல்கள் லேடெக்கில்தான் எழுதப்பட்டன. ஆய்வேடு எழுதுறவங்க இன்னிக்கும் பயன்படுத்துறாங்களே, அதே லேடெக். அப்போ மேனுவலை பிரிண்ட் எடுத்துப் படிப்பாங்க. அச்சுனு வந்துட்டா லேடெக்கை அடிச்சுக்க ஆளில்லை. அப்புறம் எல்லாரும் பிரவுசருக்கு மாறிட்டாங்க. லேடெக்கை எச்டிஎம்எல் ஆக்குறது பெரிய தலைவலி. ரொம்ப காலம் டாக்குமெண்டேஷன் எடிட்டராக இருந்த ஃப்ரெட் டிரேக், அந்த மாற்றும் வேலையைக் கட்டி இழுக்கவே நிறைய நேரம் செலவழித்தார். எஸ்ஜிஎம்எல்லுக்குப் போகலாம், எக்ஸ்எம்எல்லுக்குப் போகலாம்னு அப்பப்போ யாராவது சொல்வாங்க. உட்கார்ந்து முடிக்கத்தான் ஆள் இல்லை. (நம்ம ஆபீஸ் மீட்டிங் ஞாபகம் வருதா?)

2007-ல் கியோர்க் பிராண்டல் என்ற ஜெர்மன்காரர் உட்கார்ந்தார். மேனுவலை ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்டுக்கு மாற்றினார். அது அவர் கண்டுபிடிப்பு இல்லை. டேவிட் குட்ஜரின் டாக்யூடில்ஸ் ஏற்கெனவே இருந்தது. வெறும் டெக்ஸ்ட்தான், தலைப்புக்குக் கீழே சமக்குறிகளால் ஒரு கோடு போட்டா அது தலைப்பு. பல ஃபைல்களை ஒரே பொருளடக்கத்தில் கோர்ப்பது, ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்கு லிங்க் கொடுப்பது, இண்டெக்ஸ் எல்லாம் அவர் மேலே கட்டியவை. 2008 மார்ச்சில் ஸ்பிங்க்ஸ் வெளியானது. அதே அக்டோபரில் வந்த பைத்தான் 2.6-ன் மேனுவல் அதில்தான் தயாரானது. 2016-ல் லினக்ஸ் கெர்னலும் இந்தப் பக்கம் வந்துடுச்சு.

எனக்கு சுருக்னு தைச்சது வேற விஷயம். ஸ்பிங்க்ஸ்னதும் நாம முதல்ல ஆன் பண்றது ஆட்டோடாக். ஆனா எந்த மேனுவலுக்காக ஸ்பிங்க்ஸ் பிறந்துச்சோ, அந்த பைத்தான் மேனுவல் ஆட்டோடாக்கை நம்பி இல்லை. மனுஷங்க உட்கார்ந்து எழுதின பக்கங்கள் அவை.

மறுநாள் லேப்டாப்போட அந்த அண்ணா பக்கத்துல போய் உட்கார்ந்தேன். "அண்ணா, இந்த இடத்துல ஏன் ஏழு செகண்ட் சும்மா நிக்குது?"

"பேங்க் சர்வர் பதில் சொல்ல லேட் ஆகும்ப்பா. அதை எடுத்துட்டா ஒரே பில்லுக்கு ரெண்டு தடவை காசு போயிடும்."

இது எங்கேயும் எழுதி இல்லை. நீங்களே எழுதிடுங்கண்ணானு கேட்டேன். "அந்த ஃபார்மேட்லாம் எனக்குத் தெரியாதே" என்றார். தலைப்புக்குக் கீழே சமக்குறி போடுங்க, தலைப்பைவிட கோடு சின்னதா இருந்தா மட்டும் வார்னிங் வரும் என்றேன். வியாழக்கிழமை சாயந்திரத்துக்குள்ள பதினோரு பக்கம் அடிச்சுக் கொடுத்துட்டார்.