திரையின் கட்டியக்காரன்

எங்கள் தருமபுரிச் சீமையில் விடிய விடிய உட்கார்ந்து தெருக்கூத்துப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். கூத்தில் ராஜா முதலில் வரமாட்டார். துரியோதன மகாராஜாவே ஆனாலும் சரி, கிரீடமும் புஜகீர்த்தியும் கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னால் காத்துத்தான் நிற்க வேண்டும். முதலில் வருகிறவன் கட்டியக்காரன். அவன் வந்து நாலு வார்த்தை பேசி, இரண்டு கோணங்கிச் சேஷ்டை செய்து, தூங்கி வழிகிற கிழவர்களை உசுப்பிவிட்டு, 'வருகிறார், வருகிறார்' என்று சொன்ன பிறகுதான் இரண்டு பேர் பிடித்திருக்கும் திரை விலகும்.

டெலிவிஷனுக்கும் அப்படி ஒரு கட்டியக்காரன் இருந்தான். அவனைப் பற்றித்தான் இங்கே எழுதப் போகிறேன்.

இண்டூர், தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகும் சாலையில் இருக்கிறது. ஒகேனக்கல் அருவிக்குப் போகிறவர்கள் பஸ் ஜன்னல் வழியாக அதைப் பார்த்திருப்பார்கள்; இறங்கிப் பார்த்தவர்கள் குறைவு. 1987-ஆம் ஆண்டு எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில் டெலிவிஷன் இருந்தது. அந்த வீட்டுக் கூரைக்கு மேலே ஓர் இரும்புக் குழாய். அதன் உச்சியில் மீன் முள்ளைப் போல ஆண்டெனா. மாலையில் யாராவது ஒருவர் மேலே ஏறி அதைத் திருப்புவார். 'வருதா?' என்று மேலிருந்து ஒரு குரல். 'இல்லை, இன்னும் கொஞ்சம்' என்று கீழிருந்து பத்துக் குரல்கள். திரை முழுவதும் உப்பைக் கொட்டினாற் போல வெள்ளைப் புள்ளிகள். அந்தப் புள்ளிகளையும் நாங்கள் ஒருவிதப் பக்தியோடு பார்த்துக் கொண்டிருந்தோம் என்பதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

பிறகு திடீரென்று எல்லாம் அடங்கும். இரண்டு வளைகோடுகள் எங்கிருந்தோ சுழன்று சுழன்று வரும். ஒரு குழல் மெல்ல அழத் தொடங்கும். கோடுகள் நெருங்கி வந்து, நடுவில் ஓர் உருண்டையைச் சூழ்ந்து, ஒரு கண்ணைப் போல நின்றுவிடும். அவ்வளவுதான்; நிமிஷத்துக்கும் குறைவு. அதற்குள் முற்றத்தில் இருந்த ஐம்பது பேரும் வாயை மூடியிருப்பார்கள்.

அடுத்த வீட்டுப் பாட்டி ஒருத்தி முதல் நாள் அந்தக் குழலைக் கேட்டுவிட்டுப் பதறிப்போய் வாசலுக்கு வந்தாள். "ஏங்கண்ணு, யாரு ஊட்டுல எழவு? குழல் இப்படி அழுவுதே!" என்று கேட்டாள். நாங்கள் சிரித்தோம். ஒரு வாரத்துக்குள் அந்தக் குழல் கேட்டதும் முதல் ஆளாக வந்து உட்காருகிறவள் அவளாகத்தான் இருந்தாள். ஆனால், அவள் முதலில் கேட்ட கேள்வியில் ஏதோ உண்மை இருந்தது என்று எனக்குப் பிற்பாடு தோன்றியது.

அந்தக் கண்ணின் கதை ஆமதாபாத்தில் தொடங்குகிறது. அங்கே தேசிய வடிவமைப்புக் கழகம் என்ற ஸ்தாபனம் ஒன்று இருக்கிறது. அதில் மாணவராக இருந்த தேவாசிஷ் பட்டாச்சார்யா என்ற இளைஞர், வகுப்பில் கொடுத்த வேலைக்காக வரைந்த படம் அது. ஆசிரியர்களும் மாணவர்களும் வரைந்த பல படங்கள் டில்லிக்குப் போயின. பிரதமர் இந்திரா காந்தி இந்த மாணவரின் படத்தைத் தேர்ந்தெடுத்தார். அதே கழகத்தைச் சேர்ந்த ஆர். எல். மிஸ்திரி அதற்கு அசைவு கொடுத்தார். இன்று போலக் கம்ப்யூட்டர் வேலை அல்ல. படத்தின் பிரதிகளைக் காமிராவின் கீழே வைத்துச் சிறிது சிறிதாகத் திருப்பி எடுத்த கைவேலை. பண்டிட் ரவிசங்கர் இசை அமைத்தார். உஸ்தாத் அலி அகமது உசேன் கானின் ஷெனாய் அதில் ஒலித்தது. நம் பாட்டி 'குழல்' என்று சொன்னது அந்த ஷெனாயைத்தான். 1976 ஏப்ரல் 1-ஆம் தேதி, தூர்தர்ஷன் ஆல் இந்தியா ரேடியோவிலிருந்து பிரிந்து தனி ஸ்தாபனமானபோது, அந்தக் கண்ணும் நாட்டின் முன் திறந்தது.

அதற்கு முன்பு முகப்பு இசை என்ற வழக்கமே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. ரேடியோவுக்கு 1936-லேயே ஒன்று வந்துவிட்டது. தம்பூராவின் சுருதி மேல் வயலின் எழும் அந்த இசையை அமைத்தவர் வால்டர் காஃப்மன் என்பர். யூத குலத்தில் பிறந்த அவர் ஐரோப்பாவில் நாஜிகளின் கொடுமை மூண்டபோது, 1934-இல் பம்பாய் வந்து சேர்ந்தவர். சிவரஞ்சனியின் சாயல் கொண்ட அந்த மெட்டைக் கேட்டு எத்தனையோ தமிழ் வீடுகளில் அடுப்பு மூட்டினார்கள். வீடிழந்து வந்த ஒருவர், கோடி வீடுகளின் விடியற்காலைக்கு ஒரு ராகம் கொடுத்துவிட்டுப் போனார்!

வெளிநாடுகளிலும் இதே கதைதான். அமெரிக்காவில் என்.பி.சி. ரேடியோ மூன்றே மூன்று மணி ஓசைகளை வைத்திருந்தது. நிகழ்ச்சி முடிந்தது, இனி உங்கள் ஊர் நிலையத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று தொலைதூர இன்ஜினீயர்களுக்குச் சைகை காட்டப் பிறந்த ஓசை அது. ஜனங்கள் அதைக் காதலித்துவிட்டார்கள். 1950-இல் அது வியாபார முத்திரையாகவே பதிவாயிற்று. லண்டன் பி.பி.சி.க்கு 1953-இல் ஏப்ரம் கேம்ஸ் என்ற சுவரொட்டி ஓவியர் வௌவாலின் சிறகு போன்ற ஒரு முத்திரை செய்து கொடுத்தார். கம்பிகளும் சிறு விளக்குகளும் கொண்ட நிஜமான ஒரு பொறி அது. அதைச் சுழலவிட்டுத்தான் படம் பிடித்தார்கள்.

நம்மவர்களுக்கும் இது புதிதல்ல. ஜெமினிப் படம் என்றால் இரண்டு குழந்தைகள் கொம்பு ஊத வேண்டும். டூரிங் டாக்கீஸில் ஒலிபெருக்கியில் சாமி பாட்டுப் போட்டால், களத்து மேட்டில் இருப்பவன் கூடப் படம் தொடங்கப் போகிறது என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவான். தண்டோரா, கோயில் மணி, ஆலைச் சங்கு எல்லாமே இந்தக் கட்டியக்காரனின் உறவினர்கள்தாம். 'உன் வேலையை நிறுத்திவிட்டு வா, உன்னோடு எல்லாரும் வருகிறார்கள்' என்பதுதான் அவர்கள் எல்லாரும் சொன்ன செய்தி.

இப்போது பாட்டியின் கேள்விக்குத் திரும்புகிறேன். அந்தக் கண் திறந்த நாளைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். 1976 ஏப்ரல். நாட்டில் நெருக்கடி நிலை. பத்திரிகைகளுக்குத் தணிக்கை, தலைவர்கள் சிறையில். தமிழ்நாட்டில் தி.மு.க. மந்திரி சபை கலைக்கப்பட்டது ஜனவரி 31-ஆம் தேதி. கண் திறந்ததற்குச் சரியாக இரண்டு மாதங்களுக்கு முன். அந்த அழகிய இசை யாருடைய வருகைக்குக் கட்டியம் கூறிற்று? சர்க்கார் எதைச் சொல்ல விரும்பியதோ அதை மட்டும் சொன்ன ஒரு ராஜாவுக்குத்தான். இதை மறந்துவிட்டு, 'அந்தக் காலம் எத்தனை இனிமை!' என்று நாம் உருகினால் அது நியாயமான உருக்கமாகாது.

ஆனால் கூத்துப் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். கட்டியக்காரன் ராஜாவுக்கு வேலைக்காரன் மட்டும் அல்ல. ராஜாவின் முகத்துக்கு நேரே அவரைக் கிண்டல் செய்யும் உரிமை பெற்றவனும் அவன்தான். டெலிவிஷன் கட்டியக்காரனுக்கு வாய் இல்லை. அந்தப் பாதி வேஷத்தைப் பார்க்கிறவர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1982 ஆகஸ்டு 15-ஆம் தேதி முதல் டில்லி நிகழ்ச்சிகள் நாடு முழுவதற்கும் பொதுவாயின. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' முடிந்து, சற்று நேரத்தில் ஹிந்திச் செய்தி வரும். எங்கள் முற்றத்தில் உடனே கச்சேரி ஆரம்பமாகும். செய்தி வாசிப்பவரின் உதடுகளுக்கு ஏற்ப ஒருவர் தமிழில் கதை கட்டுவார். 'இண்டூர் சந்தையில் தக்காளி விலை குறைந்ததைக் கண்டு மத்திய சர்க்கார் மிகவும் வருந்துகிறது' என்பார். முற்றமே சிரிக்கும். பாதிப் பேர் எழுந்து சோறு தின்னப் போய்விடுவார்கள். ராஜா பேசிக்கொண்டே இருப்பார்.

ஆக, நாங்கள் நேசித்தது ராஜாவை அல்ல, கட்டியக்காரனைத்தான். அந்த இசையில் ஒரு சொல் கூடக் கிடையாது. ஆகவே அது எந்த மொழிக்காரனையும் வெளியே நிறுத்தவில்லை. ஹிந்தி தெரியாத எங்கள் பாட்டிக்கு அந்த முழு ஸ்தாபனமும் பேசிய பாஷைகளில் முழுதாகப் புரிந்தது அந்த அழுகை ஒன்றுதான்.

இன்னொரு பலகையையும் சொல்லாமல் விட முடியாது. படம் நடுவில் அறுந்து போனால் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்று எழுத்து வரும். அதைப் பார்த்து நாங்கள் பல்லைக் கடித்தது உண்டு. ஆனாலும் சர்க்கார் ஒன்று, இண்டூர் முற்றத்தில் மண் தரையில் உட்கார்ந்திருப்பவனிடம் 'வருந்துகிறோம்' என்று சொன்ன வேறு சந்தர்ப்பம் எனக்கு ஞாபகம் இல்லை.

பிறகு காலம் வேகமாக ஓடிற்று. 1993 ஏப்ரல் 14-ஆம் தேதி சன் டி.வி. வந்தது. தெருவெல்லாம் கேபிள் கம்பி ஓடியது. 2006 முதல் சர்க்காரே வீட்டுக்கு வீடு கலர் டி.வி. கொடுத்தது, முற்றத்துக் கூட்டம் அவரவர் வீட்டுக்குள் போயிற்று. சென்னைத் தூர்தர்ஷன் 2000-இல் 'பொதிகை' ஆயிற்று. 2024 ஜனவரியில் அந்தப் பெயரும் போய் 'டி.டி. தமிழ்' ஆயிற்று. ஆண்டெனாவுக்கு அலை அனுப்பிய பழைய நிலையங்களில் பெரும்பாலானவை 2021 முடிவதற்குள் ஓய்ந்துவிட்டன. ஊருக்கு ஊர் நின்ற அந்த மீன் முட்களில் சில, துணி காயப் போடப் பயன்பட்டன.

முத்திரைகள் ஒழிந்துவிடவில்லை. சொல்லப் போனால் முன்னைவிட அதிகம். ஒவ்வொரு சானலும் திரையின் மூலையில் தன் முத்திரையை ஒட்டி வைத்திருக்கிறது. சாவுச் செய்தியிலும் அது இருக்கும், சமையல் குறிப்பிலும் இருக்கும். கட்டியக்காரன் இப்போது மேடையை விட்டு இறங்குவதே இல்லை. யார் வருகிறார் என்று சொல்லவும் அவனுக்கு வாய்ப்பில்லை. ஏனென்றால் யாரும் போவதில்லை. இருபத்து நாலு மணி நேரமும் ராஜா பேசிக்கொண்டே இருக்கிறார். தொடக்கம் இல்லாத இடத்தில் தொடக்க இசைக்கு என்ன வேலை?

ஒரு டெலிவிஷனுக்கு ஐம்பது பேர் என்ற வறுமை திரும்ப வர வேண்டும் என்று நான் விரும்பவில்லை. அந்தக் காத்திருப்பில் பாதி இல்லாமையினால் வந்தது. ஆனால் மீதிப் பாதி இல்லாமையினால் வந்ததல்ல. சேர்ந்து இருப்பதனால் வந்தது. அதைத்தான் நாம் கேபிள் கம்பி இழுத்த அவசரத்தில் தவறவிட்டோம்.

சென்ற மாதம் இண்டூர் பஸ் நிறுத்தத்து டீக்கடையில் நின்றிருந்தேன். யாரோ ஒரு பையனின் செல்போனில் அந்த ஷெனாய் ஒலித்தது. எங்கிருந்தோ தேடிப் பிடித்து மணியோசையாக வைத்திருக்கிறான். பெஞ்சில் உட்கார்ந்திருந்த நரைத்தலைக்காரர்கள் மூன்று பேர் பேச்சை நிறுத்தி நிமிர்ந்தார்கள். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கூட ஒரு கணம் கையை நிறுத்தினார். பையன் போனை எடுத்து, 'ஹலோ' என்றான். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.