தமிழகக் கடற்கரையும் குருமட வாழ்வும்: ஒரு சரித்திர நோக்கு

பழவேற்காட்டு ஏரியில் இறால் பிடிக்கும் இடங்களைக் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊரார் 'பாடு' என்னும் முறைப்படி தமக்குள் பங்கிட்டுக்கொண்டு, இன்ன நாளில் இன்னார் இன்ன இடத்தில் வலை கட்டலாம் என்று விதித்து, அவ்விதிக்கு வலியவனும் எளியவனும் ஒருங்கே கட்டுப்பட்டு வாழ்ந்து வருவதை அறிந்தவர்க்கு, மணியோசைக்கு எழுந்து மணியோசைக்கு உறங்கும் கத்தோலிக்கக் குருமடத்தின் கூட்டு வாழ்வு அத்துணை அந்நியமாகத் தோன்றாது. ஆயினும் இக்கரையில் கிறிஸ்தவம் வேரூன்றி நெடுங்காலம் சென்ற பின்னரே இம்மண்ணின் மைந்தர்க்கு அம்மடத்தின் கதவு அகலத் திறந்தது என்பது ஆராயத்தக்கதொரு செய்தி.

பழவேற்காட்டின் மகிமை மாதா ஆலயம் 1515-இல் போர்த்துக்கீசியரால் நிறுவப்பட்டது என்பது மரபு. மயிலாப்பூர் மேற்றிராசனம் 1606-இல் ஏற்பட்டது. 1613-இல் ஒல்லாந்தர் பழவேற்காட்டில் கெல்திரியாக் கோட்டையைக் கட்டினர். ஆள்வோர் சீர்திருத்தச் சபையினராக, ஆளப்பட்டோரில் ஒரு பகுதியினர் மாதாவை வணங்குவோராக இருந்த அக்காலத்தில், கரையோரக் கத்தோலிக்கர்க்குப் பூசை வைக்கப் பெரும்பாலும் வெளியிலிருந்தே குருக்கள் வரவேண்டியிருந்தது.

இத்தனைக்கும், திரெந்து சங்கம் 1563-ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலேயே, ஒவ்வொரு மேற்றிராணியாரும் சிறுவர்களைத் தெரிந்தெடுத்து, உலக வழக்குகள் அவர்களைத் தொடுமுன்னர்த் தனி இல்லத்தில் வைத்துப் பயிற்றவேண்டுமென்று கட்டளையிட்டிருந்தது. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1575-இல், கொல்லத்தைச் சேர்ந்த பேதுரு லூயிஸ் என்பார் இயேசு சபையில் குருப்பட்டம் பெற்ற முதல் இந்தியரானார். எனினும் அவருக்குப் பின் அச்சபை இந்தியரைச் சேர்ப்பதை நெடுங்காலம் தவிர்த்தது. தகுதி இல்லாமையன்று, நம்பிக்கை இல்லாமையே இதற்குக் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

இச்சரித்திரத்தில் தமிழர் பலரும் மறந்துவிட்ட விசேஷமான அத்தியாயம் ஒன்று, பாண்டிச்சேரிக்கு அருகிலுள்ள வீராம்பட்டினம் என்னும் மீனவர் ஊரில் நிகழ்ந்தது. பாரிஸ் அந்நிய வேதபோதக சபையார், கீழ்த்திசை நாட்டு இளைஞரை அந்நாட்டுக் குருக்களாகவே ஆக்குவதற்குச் சயாம் நாட்டின் அயுத்தியாவில் நடத்திவந்த பொதுக் கல்லூரி, பர்மியப் படையெடுப்பால் அங்கிருந்து பெயர்ந்து, கம்போஜத்தின் கடலோரத்தில் ஒதுங்கி, அங்கும் தாக்கப்பட்டு, கடைசியில் 1770-இல் வீராம்பட்டினத்தில் வந்து தங்கிற்று. அதன் ஆசிரியர்களில் ஒருவரான பிஞ்ஞோ த பெஹேன், முந்தைய இடத்தில் கழுத்தில் மரச்சட்டம் பூட்டப்பட்டுச் சிறையிருந்தவர். தம்முடன் வந்த அன்னாமிய உதவியாளர்களைக் கொண்டு அன்னாமிய-லத்தீன் அகராதி ஒன்றை 1773-க்குள் இங்கேயே முடித்தார். மறு ஆண்டு மயிலாப்பூர்ச் சாந்தோமில் மேற்றிராணியாராக அபிஷேகம் பெற்றார். சயாமியரும் சீனரும் அன்னாமியரும் ஒரு கூரையின்கீழ் உண்டு உறங்கி, ஒருவர் தாய்மொழி மற்றவர்க்கு விளங்காமையால் லத்தீனிலேயே படித்துப் பேசி வந்த இவ்வில்லம், பத்தாண்டுகளுக்குச் சற்று மேலாக நடந்து மூடப்பட்டது. பின்னர் 1808-இல் பினாங்கில் மீண்டும் தோன்றிற்று. கட்டுமரம் தள்ளும் ஊரார் இந்த அந்நிய மாணவர்களை எங்ஙனம் பார்த்தனர் என்று கற்பனை செய்யும் ஆசை எழுகிறது. அதை அடக்கிக்கொள்வதே ஆராய்ச்சியாளனுக்கு அழகு.

பாண்டிச்சேரியில் பொன்னான் ஆண்டகை 1844-இல் கூட்டிய சங்கம், சுதேசக் குருக்களின் பயிற்சியைப் பிரதான விஷயமாக எடுத்துக்கொண்டது. லூக்கே என்னும் இளங்குரு அதன் தீர்மானங்களை ரோமாபுரிக்கு எடுத்துச் சென்றார். அடுத்த ஆண்டே வேதபரம்புதல் சபை, உள்நாட்டுக் குருக்களை வெறும் துணைவராக வைத்திருக்கலாகாதென்று அறிவுறுத்தியது. பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் 1893-இல் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பொதுவாகக் கண்டியில் பாப்பிறைக் குருமடத்தை நிறுவினார். அது 1955-இல் பூனாவுக்கு மாற்றப்பட்டது. பரவர் குலத்தவரான திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை 1923-இல் தூத்துக்குடி மேற்றிராணியாரானபோது, கடற்கரைச் சமுதாயம் ஒன்று தன் மகனையே மேய்ப்பனாகக் கண்டது.

பழவேற்காடு சார்ந்த மேற்றிராசனத்துக்கு மிக நெருங்கிய ஸ்தாபனம், லூயி மத்தியாஸ் ஆண்டகை 1936-இல் தொடங்கிய பூந்தமல்லித் திரு இருதயக் குருமடம். அக்காலக் குருமடங்களின் நியமம் எங்கும் ஏறக்குறைய ஒன்றே. விடியுமுன் மணி, தியானம், பூசை, மௌனமான காலைச் சிற்றுண்டி, லத்தீனில் அச்சிட்ட தத்துவ, வேத சாஸ்திரப் பாடங்கள். உணவறையில் ஒருவர் மேடையேறிப் புனிதர் சரிதம் வாசிக்க, ஏனையோர் சோற்றுத் தட்டுக்குக் குனிந்து கேட்டிருப்பர். சாம்பாரை நகர்த்தச் சொல்லவும் சைகையே. இரவு ஜெபம் முதல் மறுநாட் பூசை வரை பெருமௌனம். உலாவும்போது இருவர் மட்டும் தனித்துச் செல்லலாகாது, மூன்றாமவர் வேண்டும். வாயில் காப்போர் முதல் விளக்கேந்துவோர் ஈறாக நான்கு சிறு பட்டங்களும், உபதியாக்கோன், தியாக்கோன் பட்டங்களும் படிப்படியாக வந்து, முடிவில் குருப்பட்டம் அமையும். இந்நியமம் மன உறுதியுள்ள குருக்களை வளர்த்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஊரில் பிறந்தவனை ஊரிலிருந்து பிரித்து வளர்த்து, மீண்டும் ஊருக்கே அனுப்பும் முரண்பாடும் அதனுள் இருந்தது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபரில் வெளியிட்ட குருத்துவப் பயிற்சி பற்றிய ஏடு, பயிற்சி முழுவதும் மேய்ப்புப் பணியை நோக்கியதாக வேண்டுமென்றது. வழிபாட்டில் தமிழ் வந்தது. 1972-இல் சிறு பட்டங்கள் நீங்கி வாசகர், பீடத்துணைவர் என்னும் இரு பணிகள் நின்றன. படிப்பின் இடையில் பங்குகளில் தங்கும் களப்பணி வழக்கமாயிற்று. 1992-இல் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் மனித, ஆன்ம, அறிவு, மேய்ப்புப் பயிற்சி என நான்காக வகுத்தார். ரோமாபுரியின் 2016-ஆம் ஆண்டுப் புதிய நெறிமுறையோ, தத்துவப் படிப்புக்கு முன்னர் ஓராண்டுக்குக் குறையாத ஆயத்தக் காலத்தை விதித்தது.

இவ்வளவும் நலமே. எனினும் களப்பணிக்கு நகரத்துப் பள்ளிகளும் விடுதிகளும் கிடைக்குமளவுக்குக் குப்பங்கள் கிடைப்பதில்லை என்றே தோன்றுகிறது. ஆகையால் குருமட அதிபர்களிடம் ஒரு வேண்டுகோள்: மாணவர் சிலரையேனும் ஓராண்டு பழவேற்காட்டுக் கரையில் தங்கவைத்து, இந்துவும் கிறிஸ்தவரும் ஒன்றாக அமர்ந்து பாடு பிரிக்கும் கூட்டத்தில் ஓர் ஓரமாக உட்கார்ந்து கேட்கச் செய்யுங்கள்.